வடக்கு ஜன்னலுக்கு ஒரு திரை

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கி வந்து வயலைத் தொடுகிற இடத்தில் ஒரு மடம். மடம் என்றதும் கோபுரத்தையும் தேரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட ஏழு அறைகள், ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு, ஓர் இரும்புக் கேட். அவ்வளவுதான்.

அதன் தலைவி இசக்கியம்மை. வயது நாற்பத்து மூன்று. ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருஷம் சட்டைக்குக் காலர் வைத்தவர். அங்கிருந்து இங்கே எப்படி வந்து உட்கார்ந்தார் என்பது வேறு கதை. யார் என்ன கேட்டாலும் அவர் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார், கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். சிலர் அந்த வேலையிலேயே பதிலைக் கண்டுகொண்டு போனார்கள். பலர் வேலைக்குப் பயந்து போனார்கள்.

போகாமல் ஒட்டிக்கொண்டவர்களில் ஒருவர் ஆவுடையப்பன். தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. அம்மையைவிடப் பதினெட்டு வயது மூப்பு என்றாலும் இங்கே அவர்தான் சிஷ்யர். முப்பத்து நாலு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்ததில், அவர் நட்ட எல்லைக் கல் ஒன்றைக்கூட யாரும் தப்பு என்று சொன்னதில்லை. மடத்துக்கு வரும்போது வீட்டை விட்டார், தோட்டத்தை விட்டார், செருப்பைக்கூட விட்டார். அந்தக் கல்லைப் பற்றிய கர்வத்தை மட்டும் மறதியாகக் கூடவே எடுத்து வந்துவிட்டார்.

வந்த முதல் நாள் அம்மையிடம் கேட்டார்:

"பற்று எப்படிம்மா விடும்?"

அம்மை ஒரு விளக்குமாற்றைக் கொடுத்தார். ஒன்றரை வருஷமாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

ஒரு நாள் காலையில் பெருக்கி முடித்துவிட்டு வந்து நின்றார்.

"அம்மா, என் அறை ஜன்னலுக்கு ஒரு திரை வேணும்."

"எதுக்கு ஐயா?"

"வெயில்."



"அலமாரியில காடாத் துணி இருக்கு. மெஷினும் இருக்கு. தைச்சுக்கோங்க."

"எனக்குத் தைக்கத் தெரியாதேம்மா."

"பிறக்கும்போது எனக்கும் தெரியாது ஐயா."

பேச்சு முடிந்தது. சமையல்கட்டு வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பிச்சையாவுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. அவர்தான் மடத்துச் சமையல்காரர்.

"சர்வேயரே, வடக்க பாத்த ஜன்னல்ல எந்த ஊரு வெயில் வருது? திசை பாத்துக் கல்லு நட்ட மனுஷன்லா நீங்க!"

ஆவுடையப்பன் காதில் விழாததுபோல் போய்விட்டார்.

வெயில் இல்லை. விஷயம் வேறு.

அவருடைய அறை கொஞ்சம் மேட்டில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட் தெரியும். கேட்டை ஒட்டி ஒரு புங்கமரம், அதன் அடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெஞ்சில் ஒரு பெண் வந்து உட்காருவாள். ஒன்பது மணி பஸ்ஸில் வருவாள், பன்னிரண்டே கால் பஸ்ஸில் போவாள். அவள் உலகம்மாள். ஆவுடையப்பனின் ஒரே மகள்.

மனைவி செண்பகம் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், வீட்டுப் பத்திரத்தை மகள் கையில் வைத்து அவர் சொன்னார்: "உனக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு தாயி. இனிமே உனக்கும் எனக்கும் மிச்சம் ஒண்ணும் இல்ல." சண்டையில் சொன்ன பேச்சில்லை. எல்லைக் கல் நட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிற நிம்மதியோடுதான் சொன்னார். உலகு "சரிப்பா" என்றாள். மறு மாதமே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குப் பிச்சையாவிடம் சொல்லி அனுப்பினார்: "பாக்க மாட்டேன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. அவ என்ன சொன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லப்பிடாது." உலகு அழவில்லை. கொண்டுவந்த தூக்குச்சட்டியைச் சமையல்கட்டுக்குக் கொடுத்தனுப்பினாள், பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்தாள், போனாள். அப்படியே ஒவ்வொரு மாதமும். அன்றைக்கு மட்டும் பந்தியில் அவள் கொண்டுவந்த தேங்காய்ப்பால் சொதி இருக்கும். ஆவுடையப்பனுக்குச் சொதி என்றால் உயிர். அவர் இலையில் மட்டும் அது விழாது, கையை வைத்து மறைத்துவிடுவார்.

மகளைப் பார்க்கக் கூடாது என்று அம்மை ஒருநாளும் சொன்னதில்லை. இவராகப் போட்டுக்கொண்ட விரதம் அது. நல்ல சிஷ்யன் அப்படித்தான் இருப்பான் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார்.

ஆனால் ஜன்னல் இருக்கிறதே. சேலையின் நிறம் மரத்தடியில் தெரிந்ததுமே சட்டென்று திரும்பிக்கொள்வார். அந்த ஒரு நொடிக்குப் பிறகு மூன்று நாளைக்குத் தியானம் கைகூடாது. கண்ணை மூடினால் புங்கமரம்தான். ஜன்னல் கதவைச் சாத்திவிடலாம் என்றால் அறை இட்லிக் கொப்பரை மாதிரி புழுங்கும். அதனால்தான் திரை.

காரணம் ஆயிற்று. இனி தையல்.

ஆவுடையப்பன் ஜன்னலை அளந்தார். அகலம் முப்பத்தாறு இஞ்சு, உயரம் நாற்பத்தெட்டு. மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் அதேதான் வந்தது. ஒரு தாளை எடுத்து நிலத்துக்குப் புலப்படம் போடுவதுபோல் ஜன்னலை வரைந்து, நாலு பக்கமும் அளவு குறித்து, மூலையில் வடக்குத் திசைக்கு ஓர் அம்புக்குறியும் போட்டார். வடக்கைப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

காடாத் துணியின் அகலமே முப்பத்தாறு இஞ்சுதான். அவருக்கென்றே நெய்தது மாதிரி இருந்தது. நாற்பத்தெட்டு இஞ்சில் குறி வைத்து வெட்டினார். நூல் பிசகாத வெட்டு.

"சரியா வெட்டிட்டேன்மா," என்று கொண்டுபோய்க் காட்டினார்.

அம்மை துணியை விரித்துப் பார்த்தார்.

"ஆமா. சரியா இருக்கு. தைங்க."

கால் மெஷின் அவர் சொன்னபடி கேட்கவில்லை. முன்னால் மிதித்தால் பின்னால் சுற்றியது. ஊசியில் நூல் கோக்கப் பத்து நிமிஷம், கோத்த நூல் அறுபட ஒரு நொடி. கீழே பாபின் என்று ஒன்று இருப்பதும் அதிலும் நூல் வேண்டும் என்பதும் தெரியாமல் அரை மணி நேரம் வெறும் ஓட்டையாகப் போட்டுத் தள்ளினார். பிச்சையா வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஒரு தாலுகாவையே அளந்த மனிதர் நாலு ஓரத்தை மடித்துத் தைக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.

கம்பியில் கோத்து மாட்டினார். நாலு அடி பின்னால் வந்து பார்த்தார்.

ஓரத்துக்கு மடித்ததில் அகலம் ஓர் இஞ்சு போயிருந்தது. மேலே கம்பி நுழையவும் கீழே ஓரத்துக்கும் மடித்ததில் உயரம் இரண்டு இஞ்சு போயிருந்தது. துணி சுருக்கமே இல்லாமல் விறைப்பாக நின்றது, காயப்போட்ட துண்டு மாதிரி. காற்று வந்தால் மொத்தமாகத் தூக்கியது. தூக்கினால் கேட், புங்கமரம், பெஞ்சு எல்லாம் முழுசாகத் தெரிந்தன.

அம்மையிடம் போனார்.

"அளவு சரியாத்தான் இருந்துச்சும்மா."

"ஜன்னலோட அளவு சரியாத்தான் இருந்துச்சு."

"பிறகு?"

"ஐயா, உங்க இடுப்பு எத்தனை இஞ்சு?"

"முப்பத்தாறு."

"கட்டியிருக்கிற வேட்டி?"

"நாலு முழம்." சொல்லும்போதே மனதுக்குள் இஞ்சாக மாற்றிப் பார்த்துவிட்டார். எழுபத்திரண்டு.

"முப்பத்தாறு இஞ்சுல ஒரு வேட்டி வாங்கிக் கட்டிக்கிட்டு நாளைக்குக் கடைவீதிக்குப் போயிட்டு வாங்களேன்."

பிச்சையா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகப்பை விழுந்தது. ஆவுடையப்பனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஆனால் விஷயம் பிடிபட்டது. இரண்டு அகலத் துணியைச் சேர்த்து மூட்டினால் சுருக்கம் விழும், சுருக்கம் விழுந்தால் காற்றுக்கு நிற்கும்.

புதிதாகத் துணி கேட்டு வாங்கினார். திரும்பிப் போகும்போது அம்மை கூப்பிட்டார்.

"ஐயா, கீழே உள்பக்கமா மடிச்சுவிட நிறையத் துணி விட்டு வெட்டுங்க."

"நிறையன்னா எத்தனை இஞ்சு?"

"நிறைய."

இதெல்லாம் ஓர் அளவா என்று ஆவுடையப்பனுக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே மடித்துக் கிடக்கிற துணியை யார் பார்க்கப் போகிறார்கள்? அது வீண். குருவின் சொல்லைத் தட்டவும் மனமில்லை, துணியை வீணாக்கவும் மனமில்லை. ஓர் இஞ்சு விட்டார்.

இந்தத் தடவை திரை அழகாக வந்தது. மடிப்பு மடிப்பாக இறங்கி, ஜன்னல் கட்டையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஒரு பொட்டு வெளிச்சம் ஓரத்தில் இல்லை. அவர் நட்ட கற்களைப் போலவே துல்லியம். அன்று மத்தியானம் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. திரையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது மணிக்குக் கேட்டின் கொண்டி சத்தம் கேட்டது. பிறகு பிச்சையாவின் குரல். பிறகு ஓர் இருமல். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தூசி ஆகாது. பிறகு வெகு நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒன்றும் கேட்காததைப் பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து கேட்டார்.

மறுநாள் அம்மையிடம் சொன்னார்:

"திரை போட்டும் மனசு அடங்கலம்மா."

"வெயில் வருதா ஐயா?"

"இல்ல… சத்தம்."

"துணி இன்னும் கொஞ்சம் கிடக்கு. காதுக்கு ஒண்ணு தைச்சுக்கோங்க."

ஆவுடையப்பன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தை அமாவாசைக்கு முன்னால் மடத்தில் ஒரு வழக்கம். எல்லா அறையிலும் உள்ள துணி அத்தனையும் கிணற்றடிக்கு வந்துவிடும். வேட்டி, போர்வை, தலையணை உறை, ஒன்று விடாமல் பெரிய அண்டாவில் சோடா உப்பைப் போட்டு வேகவைத்து அலசுவார்கள். அந்த வருஷம் அது பிச்சையாவின் பொறுப்பு. ஆவுடையப்பன் வாசல் பெருக்கப் போன நேரம் பார்த்து அறைக்குள் போய்த் திரையையும் உருவிக்கொண்டு வந்து அண்டாவில் போட்டுவிட்டார்.

காய்ந்து வந்த திரையைச் சனிக்கிழமை சாயங்காலம் மாட்டினார் ஆவுடையப்பன். மாட்டிவிட்டு அப்படியே நின்றார். கீழே நாலு விரல் அகலத்துக்கு வெளிச்சம்.

டேப்பை எடுத்து அளந்தார். மூன்றரை இஞ்சு. நம்பாமல் மறுபடி அளந்தார். டேப்பைக்கூடச் சந்தேகப்பட்டு வேறு டேப்பில் அளந்தார்.

"என்ன அண்ணாச்சி செஞ்சீங்க?"

"துவைச்சேன்."

"துணி குறைஞ்சிருக்கே!"

"காடான்னா சுருங்கத்தான் செய்யும். தைக்குமுன்ன நனைச்சுக் காயப்போட்டீயளா?"

"யாரும் சொல்லலயே."

"நீங்க யாரையும் கேக்கலயே."

கீழ் மடிப்பைப் பிரித்தார். ஓர் இஞ்சு இறங்கியது. ஓரம் நூல் பிரியாமல் இருக்க அதில் பாதியை மறுபடி மடித்தாக வேண்டும். மீதி மூன்று இஞ்சு திறந்தே கிடந்தது. விடிந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமை.

காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கொண்டி சத்தம் கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் காலடிச் சத்தம் வழக்கம்போல் இல்லை. இரண்டு எட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு எட்டு, ஒரு நிறுத்தம். அளந்து பழகிய காது அதை எண்ணாமல் விடவில்லை. கேட்டிலிருந்து பெஞ்சுக்குப் பத்து எட்டு. அதற்கு இன்றைக்கு நாலு இடத்தில் நின்றாள்.

கண்ணைத் திறந்து திரும்பினார்.

முகம் தெரியவில்லை. சேலை தெரியவில்லை. திரைக்கும் ஜன்னல் கட்டைக்கும் நடுவே, அந்த மூன்று இஞ்சில், பெஞ்சின் கீழே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. முகம் தெரிந்திருந்தால் எப்போதும்போல் அந்த நொடியே திரும்பியிருப்பார். பாதத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள அவர் பழகியிருக்கவில்லை. அதனால் பார்த்தார்.

பாதங்கள் செருப்பை விட்டு வெளியே வந்தன. வீங்கியிருந்தன. செருப்பு வார் பதிந்த தடம் இங்கிருந்தே தெரிந்தது.

பிறகு ஒரு கை கீழே வந்தது. கொலுசைக் கழற்றப் பார்த்தது. எட்டவில்லை. மேலே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கவாட்டாக மறுபடி வந்தது. விரல் நுனி கொலுசைத் தொட்டது, திருகாணியை எட்டவில்லை. மறுபடி மேலே போய்விட்டது. மூன்றாவது தடவை அந்தக் கை வரவில்லை.



ஒரு பெண்ணால் குனிந்து தன் கொலுசை எட்ட முடியாமல் போவது எப்போது என்று அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் செண்பகம் கட்டிலில் உட்கார்ந்து இதேபோல் மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவர்தான் கீழே உட்கார்ந்து கழற்றிவிட்டார். உலகுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. அந்த ஏக்கத்தோடேயே செண்பகம் போய்ச் சேர்ந்தாள்.

பதினோரு மணிக்குத்தான் எழுந்தார். கேட்டுக்குப் போகவில்லை. அந்தத் தைரியம் வரவில்லை. கால் பழக்கத்தில் அம்மையிடம் போயிற்று.

அம்மை சமையல்கட்டின் பின்பக்கம் பாயில் உட்கார்ந்து கிழிந்த தலையணை உறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். மடியில் கத்தரிக்கோல். உள்ளே பிச்சையா உலகுவின் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அது வந்த துணிப்பை கதவு ஆணியில் தொங்கியது.

"என்ன ஐயா, திரை ஏறிப்போச்சாமே."

"மூணு இஞ்சு."

"உள்ள மடிச்ச துணி இருக்குமே, இறக்குங்க."

"ஒரு இஞ்சுதான் விட்டேன். இறக்கியாச்சு."

"ஏன் ஒரு இஞ்சோட நிறுத்திட்டீங்க?"

"வெளியில தெரியாத துணி… வீண்தானேன்னு."

அம்மை ஊசியை இழுத்தார். ஆவுடையப்பன் நின்றுகொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அவளுக்கு எத்தனை மாசம்மா?"

"ஏழு முடிஞ்சிருச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். பிச்சையா அண்ணாச்சிக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லப்பிடாதுன்னு சொன்னது நீங்க ஐயா."

அம்மை தையலை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"வர்ற வெள்ளிக்கிழமை வளைகாப்பாம். முடிஞ்சதும் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்லா. அதைக் கேக்கத்தான் மூணு மாசமா வந்து உக்காந்திருக்கா. இனிமே பஸ்ஸுல வரப்பிடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம். இன்னைக்கோட சரி."

"வீடு அவ பேர்லதானம்மா இருக்கு."

"வீடு இருக்கு ஐயா."

உள்ளே தூக்குச்சட்டி கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. பிச்சையாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையை எடுங்க," என்றார் அம்மை.

ஆணியிலிருந்து எடுத்தார். எடுத்ததுமே கைக்குத் தெரிந்துவிட்டது. அது பை இல்லை. உலகு ஒன்பது வயதில் கட்டிய பச்சைப் பாவாடை. செண்பகம் தைத்தது. வளர்ந்து கட்ட முடியாமல் போனபோது அடியை மூட்டி, இடுப்பு நாடாவை இழுத்துக் கட்டி, செண்பகமே அதைப் பையாக்கியிருந்தாள். துவைத்துத் துவைத்துப் பச்சை வெளுத்துச் சாம்பலாகியிருந்தது.

"அடிப்பக்கம் ஒரு டக்கு பிடிச்சுத் தைச்சிருக்கு பாருங்க. அதைப் பிரிங்க."

ஒரு பழைய பிளேடை நீட்டினார். ஆவுடையப்பன் பாயில் உட்கார்ந்தார். பாவாடையைச் சுற்றி ஒரு மடிப்பு, துணியோடு துணியாகப் படிந்து, இருப்பதே தெரியாமல் இருந்தது.

அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. செண்பகம் தேவைக்கு மேல் அரை மீட்டர் எடுத்து வந்து மூன்று டக்கு வைத்துத் தைத்தாள். எதற்கு இத்தனை வீண் என்று இவர் கத்தினார். "பிள்ளை வளராதா?" என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். அடுத்த வருஷம் ஒன்றைப் பிரித்தாள். அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. மூன்றாவதைப் பிரிக்கும் முன்பே பெண் தாவணிக்கு வந்துவிட்டாள். அது அப்படியே நின்றுவிட்டது.

ஒவ்வொரு தையலாக அறுத்தார். மெஷின் தையல் நெருக்கமாக இருந்தது. நாலு தடவை பிளேடு வழுக்கியது. முழுச் சுற்றும் பிரிந்ததும் துணியை இரண்டு கையாலும் இழுத்துவிட்டார்.

மடிப்பு திறந்தது. வெளுத்த சாம்பல் துணியின் நடுவே, சுற்றி வர, புத்தம் புதிய பச்சை. கடையில் வாங்கிய அன்றைய பச்சை. இருபத்திரண்டு வருஷம் வெயிலும் சோப்பும் படாமல் உள்ளேயே இருந்தது.

ஆவுடையப்பன் அதை விரலால் தடவினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் முப்பத்து நாலு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கை தானாக மடிக்குப் போய் டேப்பை எடுத்தது. அந்தப் பச்சையின் மேல் வைத்து அளந்தது.

"மூணு இஞ்சும்மா," என்றார்.

"அப்படியா."

"சுற்றளவு எழுபத்திரண்டு வரும். திரைக்குப் போதும். இதை மட்டும் வெட்டி எடுத்து அடியில ஒட்டுப் போட்டா…" டேப்பைச் சுருட்டினார். "ஜன்னல் முழுசா மூடிரும்."

சொல்லிவிட்டு, இதைச் சொன்னது தான்தானா என்பதுபோல் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து பிச்சையா எட்டிப் பார்த்தார். அவருக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"மூடிரும்," என்றார் அம்மை. "பை யாரோடது ஐயா?"

"உலகோடது."

தூரத்தில் பன்னிரண்டே கால் பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. அது மேலே கடைசி நிறுத்தம் போய்த் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகும். அம்மை மடியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, ஆவுடையப்பன் கைக்கு எட்டாத பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"மரத்தடியிலதான் உக்காந்திருக்கா. கேட்டுட்டு வாங்க. கத்தரிக்கோல் எங்கயும் போயிராது."